பெயர் சொல்லாமல் எழுதணும், பேங்க் ஆப்பும் திறக்கணும்: எந்த வழி சரிப்படும்?

என் சித்தி மகள் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரவில் ஒரு வார்டுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், விடுப்பு கேட்டால் என்ன பதில் வருகிறது, சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிக்கிறார்கள் என்று புனைபெயரில் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு ஃபோன் வந்தது. "அக்கா, விபிஎன் போட்டாப் போதும்லா?"

போதாது என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் ஏற்கெனவே ஒரு இலவச விபிஎன்-ஐ (நம் இணையப் போக்குவரத்தை வேறு செர்வர் வழியாகச் சுற்றிவிடும் ஆப்) போட்டு, அது அவளைக் கடைத்தெருவில் நிறுத்தியிருந்தது. சித்திக்கு இன்சுலின் வாங்க மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள். யாரோ சொன்னதைக் கேட்டு, 'விபிஎன் இல்லாமல் இணைப்பே வேண்டாம்' என்ற அமைப்பையும் ஆண்ட்ராய்டில் போட்டு வைத்திருந்தாள். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்றாவது முயற்சியில் பேங்க் ஆப் 'வழக்கத்துக்கு மாறான உள்நுழைவு' என்று சொல்லி வெளியே தள்ளியது. திரும்ப உள்ளே போக டெபிட் கார்டு விவரம் கேட்டது. கார்டு ஹாஸ்டலில். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்து டப்பா கவுண்டரில் வேர்த்துக்கொண்டிருக்க, பின்னால் நான்கு பேர் நின்றார்கள். கடைக்காரர் "நாளைக்குக் குடும்மா" என்று கொடுத்தனுப்பினார். தெரிந்த கடை என்பதால் முடிந்தது.

ஆகவே அவள் கேட்டது ஒன்று என்றாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. எழுதுகிறவள் யார் என்று தெரியக் கூடாது. அதே நேரம் சம்பளக் கணக்கு, யுபிஐ, பிஎஃப் தளம், ஊருக்கு வர ரயில் டிக்கெட், வீட்டுக் கரண்ட் பில் எதுவும் நிற்கக் கூடாது. நான் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். அடுத்த விடுமுறையில் அவளை உட்காரவைத்து, முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவளைப் போலவே கேட்கிறவர்கள் நிறைய இருப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

யாரிடமிருந்து மறைய வேண்டும்?

இதைக் கேட்காமல் கருவியைத் தேடக் கூடாது. அவளுக்கு நான் முதலில் காட்டியது, என் வேலையிடத்து நெட்வொர்க்கின் வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வாலின் பதிவு எப்படி இருக்கும் என்பதைத்தான். நிஜப் பதிவைக் காட்டவில்லை, ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நேரம், எந்தச் சாதனம், போன தளத்தின் பெயர், எத்தனை எம்பி. ஒரு இணைப்புக்கு ஒரு வரி. தளம் எச்டிடிபிஎஸ்-ல் (முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் காட்டும், குறியாக்கம் செய்த இணைப்பு) இருந்தால் அங்கே என்ன எழுதினாள், என்ன படித்தாள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளம் என்பது பெரும்பாலும் தெரியும். மருத்துவமனை வைஃபையில் அவள் பதிவு போட்டால், அங்கே என் நாற்காலியில் இருப்பவருக்கு இந்த வரி கிடைக்கும்.

மொபைல் டேட்டாவில் போனால் மருத்துவமனைக்கு ஒன்றும் தெரியாது. அப்போது அந்த வரி தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கும். 2021 டிசம்பரில் உரிம விதிகளைத் திருத்தியதிலிருந்து, இந்திய நிறுவனங்கள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அவை அரசு கேட்டால் போகும், மருத்துவமனை மேலாளர் கேட்டால் போகாது.

அவள் மறைய வேண்டியது வேலை பார்க்கும் இடத்திடமிருந்தும், உடன் வேலை செய்பவர்களிடமிருந்தும். அவள் குற்றம் எதுவும் செய்யவில்லை. உண்மையைத் தன் வேலை போகாமல் சொல்லப் பார்க்கிறாள். பெரிய அரசியல் ஊழலை வெளியே கொண்டுவரும் பத்திரிகையாளருக்கு இருக்கும் ஆபத்து வேறு. அவருக்கு நான் சொல்லும் பதிலும் வேறாகத்தான் இருக்கும்.

அப்புறம் இன்னொரு பக்கம். வங்கிக்கு அவளுடைய பான், ஆதார், முகம், கையெழுத்து எல்லாம் தெரியும். யுபிஐ ஆப்பை முதலில் பதியும்போது அது ஃபோனில் இருக்கும் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, இந்த எண்ணும் இந்தச் சாதனமும் ஒன்று என்று முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ரயில்வே 2025 ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கலை ஆதார் சரிபார்த்தவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது. இவ்வளவு தெரிந்த இடத்தில், இணையத்தில் நம் இணைப்பைக் காட்டும் எண்ணான ஐபி முகவரியை மட்டும் மறைத்து என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. வங்கியின் கண்ணில் திருடன் மாதிரித் தெரிவது மட்டும்தான் மிச்சம். வங்கியில் சந்தேகம் பார்க்கும் மென்பொருள் தேடுவதே இதைத்தான்: திருநெல்வேலியில் இருக்கும் கணக்கு, திடீரென்று வேறு நாட்டு செர்வரிலிருந்து வருகிறது.

எப்போதும் விபிஎன்

விளம்பரம் அதிகம் வருவதால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். விபிஎன் செய்வது எளிமையான வேலை. உங்கள் போக்குவரத்து முழுவதையும் ஒரு குழாய்க்குள் போட்டுத் தன் செர்வருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வெளியே விடுகிறது. தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். நம்பிக்கை இடம் மாறுகிறது, அவ்வளவே. எனவே அந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இலவச விபிஎன் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன்: வேண்டாம். 2020 ஜூலையில் யுஎஃப்ஓ விபிஎன் உட்பட ஹாங்காங்கோடு தொடர்புடைய ஏழு விபிஎன்கள், 'நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை' என்று சொல்லிக்கொண்டே, 1.2 டெராபைட் அளவு பயனர் தகவலைப் பூட்டில்லாத செர்வரில் திறந்துபோட்டிருந்தது தெரியவந்தது. ஃபேஸ்புக் 2013-ல் வாங்கிய ஒனாவோ என்ற விபிஎன், மக்கள் வேறு எந்த ஆப்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கத்தான் உதவியது. 2018-ல் ஆப்பிள் கடையிலிருந்து அது வெளியேற வேண்டி வந்தது.

காசு கொடுத்து வாங்குவதில் நல்லவை இருக்கின்றன. ஸ்வீடனின் முல்வாட் மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை. ஒரு கணக்கு எண் தருகிறது, மாதம் 5 யூரோ, தபாலில் பணம் அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறது. 2023 ஏப்ரலில் அந்நாட்டுப் போலீஸ் கோத்தன்பர்க் அலுவலகத்துக்குத் தேடுதல் ஆணையோடு போய், எடுக்க எதுவும் இல்லாமல் திரும்பியது. சொல்லும் வாக்குறுதியைவிட இப்படி ஒரு சோதனையில் நின்று காட்டியதற்குத்தான் நான் மதிப்புத் தருவேன்.

இந்தியாவில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்களும், செர்வர் வாடகைக்கு விடுகிறவர்களும் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய ஐபி, எதற்காக வாங்குகிறார் என்பதையெல்லாம் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் விலகிப்போன பிறகும். என்னைப் போன்றவர்கள் அலுவலகத்துக்குள் நடத்தும் விபிஎன்-க்கு இது பொருந்தாது, பொதுமக்களுக்கு விற்பவற்றுக்குப் பொருந்தும். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் எல்லாம் அந்த ஆண்டிலேயே இந்தியச் செர்வர்களை எடுத்துவிட்டன. இப்போது சில ஆப்களில் 'இந்தியா' என்று காட்டுவது பெரும்பாலும் சிங்கப்பூர் போன்ற இடத்தில் இருக்கும் செர்வருக்கு இந்திய ஐபி முகவரி மாட்டியது.

இதனால் அன்றாட வேலைக்கு என்ன ஆகிறது? வெளிநாட்டு ஐபி என்றால் பல அரசுத் தளங்கள் திறப்பதே இல்லை. பக்கம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும். தளம் படுத்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். விபிஎன் ஐபி ஒன்றை ஒரே நேரத்தில் ஏகப்பட்ட பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதில் ஒருவர் வம்பு செய்தால் எல்லோருக்கும் 'நீங்கள் ரோபோ இல்லையென்று நிரூபியுங்கள்' வரும். காலை பத்து மணித் தட்கலில் அந்தப் படக்கட்டங்களைத் தட்டிக்கொண்டிருந்தால் டிக்கெட் போய்விடும்.

மறைவுக்கும் இது முழுப் பதில் இல்லை. விபிஎன் போட்டுக்கொண்டு, தன் சொந்த ஜிமெயில் திறந்திருக்கும் அதே பிரவுசரில் புனைபெயர்க் கணக்கையும் திறந்தால், ஐபி மறைந்து என்ன பயன்? டிஜிட்டல் உரிமைகளுக்காக இயங்கும் அமெரிக்க அமைப்பான இஎஃப்எஃப் 2010-ல் செய்த ஆய்வில், வந்து சோதித்த பிரவுசர்களில் 83.6 சதவீதம், எழுத்துருக்கள், திரை அளவு, பிளக்இன்கள் போன்ற அடையாளங்களை வைத்தே தனித்துத் தெரிந்தன. ஐபி அதில் சேர்த்தியே இல்லை. பிரவுசர்கள் அப்புறம் திருந்தியிருந்தாலும், முகவரியை மாற்றினால் முகம் மாறிவிடாது என்பது அப்படியேதான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் டார்

அவளுக்கு டார் பிரவுசரைத் திறந்து காட்டியபோது அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத்தைத் தட்டினால் போகும் பாதை வரிசையாக வரும்: இந்த பிரவுசர், ஜெர்மனி, பின்லாந்து, நெதர்லாந்து, அதன் பிறகு நாம் பார்க்கும் தளம். நடுவில் வரும் மூன்றும் இடைநிலைகள், அதாவது நம் போக்குவரத்தை வாங்கிக் கைமாற்றிவிடும் கணினிகள். முதல் இடைநிலைக்கு நாம் யாரென்று தெரியும், எங்கே போகிறோம் என்று தெரியாது. கடைசி இடைநிலைக்குப் போகும் இடம் தெரியும், நாம் யாரென்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டும் தெரியாது. விபிஎன்-ல் ஒரே நிறுவனத்தை நம்ப வேண்டியிருக்கிறது. இங்கே ஒருவரையும் முழுதாக நம்பத் தேவையில்லை. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990-களில் தொடங்கிய யோசனை இது. 2006 முதல் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. காசு கிடையாது.

புனைபெயரில் எழுதுவதற்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. டார் பிரவுசர் எல்லோரையும் ஒரே மாதிரித் தெரியவைக்கப் பார்க்கிறது. ஜன்னலைப் பெரிதாக்கினால் ஓரத்தில் சாம்பல் பட்டை விழுவது அதற்காகத்தான். திரையின் சரியான அளவு வெளியே போகக் கூடாது.

ஆனால் எல்லா வேலைக்கும் இதையே வைத்துக்கொள்ள முடியாது. வெளியேறும் இடைநிலைகளின், அதாவது பாதையில் கடைசியாக நிற்பவற்றின், ஐபி பட்டியல் பொதுவில் இருக்கிறது. எந்தத் தளமும் அதை எடுத்து மொத்தமாகக் கதவடைக்கலாம். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, அதிகம் பேர் பார்க்கும் தளங்களை வரிசைப்படுத்திய அலெக்சா பட்டியலின் முதல் 1,000 தளங்களில் 3.67 சதவீதம் டாரில் வருகிறவர்களைத் தடுப்பதாகவோ மட்டமாக நடத்துவதாகவோ கண்டது. அதே ஆண்டு, பல தளங்களுக்கு முன்னால் நின்று காவல் காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் தலைவர் மேத்யூ பிரின்ஸ், தாங்கள் டார் வழியாகப் பார்க்கும் கோரிக்கைகளில் 94 சதவீதம் தீங்கானவை என்று எழுதினார். டார் தரப்பு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். கல்லூரி செர்வரைக் காக்கும்போது அந்த ஐபிகளிலிருந்து கடவுச்சொல் அடித்துப் பார்க்கும் தொல்லை வருவதும் உண்மை. என் தங்கை மாதிரி ஒருத்தி அதே வாசலில் நிற்பதும் உண்மை. யாரோ செய்யும் சேட்டைக்கு அவள் படக்கட்டம் தட்டுவது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. பிபிசி போல (2019 முதல்) தளங்கள் தங்களுக்கென்று ஆனியன் முகவரி (டாருக்குள் மட்டும் திறக்கும் முகவரி) வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை வெகுவாகக் குறையும்.

வங்கியை டாரில் திறப்பது எல்லாவற்றிலும் மோசமான யோசனை. ஏற்கெனவே சொன்ன காரணம் ஒன்று, வங்கிக்கு நீங்கள் யாரென்று தெரியும். இரண்டாவது, டார் பாதை மாறிக்கொண்டே இருக்கும். காலையில் நெதர்லாந்திலிருந்து வந்த கணக்கு மதியம் ருமேனியாவிலிருந்து வந்தால் எந்த வங்கியும் பூட்டத்தான் செய்யும். இதில் வங்கியைக் குறை சொல்லவும் முடியாது.

கடைசி இடைநிலை பற்றி ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. 2007-ல் ஸ்வீடனைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் டான் எகர்ஸ்டாட் சில வெளியேறும் இடைநிலைகளை நடத்தி, அவற்றின் வழியே குறியாக்கம் இல்லாமல் போனதைப் பார்த்தார். தூதரகங்கள், அரசு அலுவலகங்களின் சுமார் 100 மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொல் கிடைத்தது. அதில் இந்தியத் தூதரகங்களும் இருந்தன. இப்போது தளங்கள் பெரும்பாலும் எச்டிடிபிஎஸ்-ல் இருப்பதால் இது அவ்வளவு எளிதில்லை. பூட்டு இல்லாத தளத்தில் டாரிலிருந்து எதையும் உள்ளிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

இன்னொன்றையும் அவளிடம் இரண்டு முறை சொன்னேன். டாரில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது மறையும், டார் பயன்படுத்துகிறீர்கள் என்பது மறையாது. 2013 டிசம்பரில் ஹார்வர்டு மாணவர் ஒருவர் தேர்வைத் தள்ளிவைக்க டார் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். அதைப் பல்கலைக்கழக வைஃபையிலிருந்தே செய்தார். அந்த நேரத்தில் அந்த நெட்வொர்க்கில் டாருக்குப் போனவர் யார் என்று பார்த்தார்கள், பிடித்தார்கள். அவர் செய்தது குற்றம், பிடித்ததும் சரி. ஆனால் நியாயமான காரணத்துக்காக மறைகிறவரும் இதே இடத்தில்தான் மாட்டுவார். மருத்துவமனை வைஃபையில் டார் திறந்தால், அந்தக் கட்டடத்திலேயே அதைத் திறந்த ஒரே ஆள் அவளாக இருப்பாள்.

சொந்த செர்வர்

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சொல்லும் வழி இது. மாதம் 500 ரூபாய்க்கு அங்கே இங்கே ஒரு சின்ன செர்வர் வாடகைக்கு எடுத்து, அதில் சொந்தமாக விபிஎன் அமைக்க வயர்கார்டு போட்டுக்கொள்வது. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் 5.6 பதிப்பிலேயே சேர்ந்துவிட்ட மென்பொருள். வேகமானது, அமைப்பதும் எளிது. ரயில் நிலைய வைஃபையில் வேலை பார்க்க நான் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

பெயர் மறைக்க இது உதவாது. அந்த ஐபியிலிருந்து வருகிற ஒரே ஆள் நீங்கள்தான். செர்வருக்குக் காசு கட்டியது உங்கள் கார்டு. இந்தியாவில் வாங்கினால் 2022 உத்தரவு இதற்கும் பொருந்தும். கூட்டத்தோடு நிற்பவரைத்தான் தேட வேண்டியிருக்கும். தனியாக நிற்பவரை யாரும் தேட வேண்டியதில்லை.

அணுகல் தடைபடாமல் இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் இது நல்ல வழி. வெளிநாட்டில் இருக்கும் என் மச்சான் ஊர் நிலத்துக்குப் பட்டா பார்க்கவும், வீட்டு வரி கட்டவும் தளம் திறக்காமல் தவித்தார். வீட்டு ரூட்டரிலேயே வயர்கார்டு போட்டுக் கொடுத்தேன். இப்போது அவர் பாளையங்கோட்டை வீட்டு இணைப்பிலிருந்து வருவதாகவே தளத்துக்குத் தெரிகிறது. இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் தங்கள் இணைப்புக்குத் தனி ஐபி இருக்கிறதா என்று கேளுங்கள். நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஒரு ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அப்படியானால் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. புதிய வகையான ஐபிவி6 வழியாக வரலாம், இல்லாவிட்டால் கூடுதல் காசு கொடுத்து நிலையான ஐபி வாங்க வேண்டும். அமீரகத்தில் இருப்பவர்கள் அங்குள்ள சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐபியை மறைத்துக் குற்றம் செய்தால் அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது.

பிரித்து வைப்பது

கடைசியில் நாங்கள் எடுத்த வழி இது. வங்கி, யுபிஐ, பிஎஃப், ரயில், கரண்ட் பில் எல்லாம் எப்போதும்போலச் சொந்தப் பெயரில், சொந்த சிம்மில், விபிஎன் எதுவும் இல்லாமல். புனைபெயர் மட்டும் தனி இடத்தில், டாரில் மட்டும். இரண்டும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நான்கில் இதற்குத்தான் கருவி குறைவு, ஒழுங்கு அதிகம் வேண்டும். எனக்கு இதில் நம்பிக்கை வரக் காரணம், ஒரு பக்கத்தில் எதையாவது இறுக்கினால் அடுத்த பக்கம் கெடாது. டார் நின்றுபோனால் ஒரு பதிவு தாமதமாகும், மருந்து வாங்குவது நிற்காது.

தனி இடம் என்றால் இன்னொரு ஃபோன் இருந்தால் சிறப்பு. பழைய ஃபோன், சிம் இல்லாமல். அவளிடம் இல்லை, வாங்கச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அவள் ஃபோன் ஆண்ட்ராய்டு 15. அதில் பிரைவேட் ஸ்பேஸ் என்று தனிப் பகுதி வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தனிப் பூட்டு. அங்கே போடும் ஆப்புக்கு வெளியே இருக்கும் புகைப்படங்களோ தொடர்பு எண்களோ தானாகத் தெரியாது. பலருக்குத் தெரியாத ஒன்று: வெளியே போட்ட விபிஎன் அந்தப் பகுதிக்குள் வராது. ஒவ்வொரு பகுதிக்கும் விபிஎன் தனித்தனி. 'விபிஎன் ஓடுகிறது, உள்ளேயும் பத்திரம்' என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. டார் பிரவுசர் தன் பாதையைத் தானே போட்டுக்கொள்வதால் அவளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. முன்பு போட்டிருந்த இலவச விபிஎன்-ஐ அன்றே எடுத்தோம், அந்த 'விபிஎன் இல்லாமல் இணைப்பே வேண்டாம்' என்பதையும் சேர்த்து. எடுத்த கையோடு யுபிஐ-ல் எனக்கு 1 ரூபாய் அனுப்பிப் பார்த்தாள். உடனே வந்தது.

இரண்டாவது சிம் வாங்கட்டுமா என்று கேட்டாள். அதில் பயனில்லை. ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரை இருக்கலாம், எல்லாம் அடையாளச் சான்றோடு அவர் பெயரில்தான் இருக்கும். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போய்ப் பார்த்தால் வரிசையாகத் தெரியும். வேறு யார் பெயரிலாவது ஏமாற்றி வாங்கினால் 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே ஃபோன் எண் கேட்காத இடத்தில்தான் கணக்குத் தொடங்க வேண்டும். இதுதான் எங்களுக்கு அதிக நேரம் எடுத்தது. டாரில் வந்தால் மின்னஞ்சல் சேவைகள் பலவும் எண் கேட்கின்றன. இரண்டு மூன்று இடத்தில் கதவு மூடியது. விபிஎன் தரும் அதே புரோட்டானின் மின்னஞ்சலுக்கு ஆனியன் முகவரி இருக்கிறது, அதில் முடிந்தது. 2021-ல் பிரெஞ்சுச் சூழல் ஆர்வலர் ஒருவரின் ஐபியை இதே நிறுவனம் ஸ்விஸ் ஆணைக்குப் பணிந்து கொடுத்தது என்பதையும் அவளிடம் சொன்னேன். டாரிலேயே தொடங்கி டாரிலேயே திறந்தால் கொடுக்க அவர்களிடம் அவளுடைய ஐபி இருக்காது. ஒரே ஒரு நாள் சோம்பல்பட்டுச் சாதாரண பிரவுசரில் திறந்துவிட்டால் இருக்கும்.

இந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தால் ஓடிபி வந்து மீட்காது. தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் டின்னில் போட்டு வைத்தாள். சித்தி அதைத் திறந்து பார்க்க மாட்டார்களா என்றேன். "அம்மாக்கு நான் எழுதுறது தெரியும்க்கா" என்றாள்.

கருவி மறைக்காதவை

அவள் எழுதி வைத்திருந்த முதல் பதிவை வாங்கிப் படித்தேன். கூடவே இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று டியூட்டி அட்டவணை. பெயர்களை அழித்திருந்தாள், கையெழுத்து அப்படியே இருந்தது. அந்த வார்டில் இருக்கிற எவருக்கும் அது எந்த சிஸ்டரின் கையெழுத்து என்று தெரிந்துவிடும். இன்னொன்றில் மேசை மேல் மருந்து அட்டை, பேட்ச் எண் தெளிவாக. ஓரத்தில் பச்சை நிறத் திரைச்சீலை. படக் கோப்புக்குள் எடுத்த நேரமும், ஃபோனின் மாடலும், ஜிபிஎஸ் இடமும் வேறு இருந்தன. இவ்வளவையும் டார் ஒழுங்காக மூன்று நாடு சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். இரண்டு படங்களையும் எடுத்துவிட்டோம்.

எழுத்தில் ஒரு சம்பவம் இருந்தது, ஒரே ஒரு நோயாளிக்கு நடந்தது. அதை எழுதினால் அவர் வீட்டாருக்கும் தெரியும். அவள் மறைவதற்காக இல்லாவிட்டாலும், நோயாளிக்காகவே அதை விட வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பல இரவுகளில் திரும்பத் திரும்ப நடப்பதை மட்டும் வைத்து மறுபடி எழுதினாள். அந்தப் பத்திகள் முன்பைவிட வலுவாக வந்திருந்தன.

நேரம்தான் கடைசியில் மிஞ்சியது. இரவுப் பணி முடிந்த அன்று காலை எட்டே காலுக்கு ஒரு பதிவு, அடுத்த வாரமும் அதே மாதிரி என்று போனால், பணி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு நான்கே வாரத்தில் ஆள் தெரிந்துவிடும். அவள் எழுதும் தளத்தில் நேரம் குறித்து வெளியிடும் வசதி இருந்தது. எந்த ஷிஃப்ட்டாக இருந்தாலும் சனிக்கிழமை காலை பத்து மணி என்று வைத்தோம். எழுதுவதும் பதிவேற்றுவதும் ஹாஸ்டலில், மொபைல் டேட்டாவில், வாரத்தின் ஏதாவது ஒரு நாளில்.

முதல் பதிவு வந்த சனிக்கிழமை அவளுக்குக் காலைப் பணி. பத்து மணிக்கு வார்டில் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாளாம். ஃபோன் லாக்கரில் இருந்தது.